மடிச் சமையலும் ஒரு சொம்புத் தண்ணீரும்

எங்கள் வீட்டு ஆண்கள் சமையலுக்கு நடுவில் கொல்லைக்குப் போய்விட்டு வந்தால், தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு முழங்கால் வரைக்கும் அலம்பிக்கொண்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நேரே அடுப்பங்கரைக்குள் வந்துவிடுவார்கள். அவ்வளவுதான். அவர்கள் மடி, சமைக்கிறவர்களுக்கு வேண்டிய அந்த ஆசாரச் சுத்தம், அவர்களோடு பத்திரமாக இருக்கும். பெண்கள் போய்விட்டு வந்தால் தலையோடு குளிக்க வேண்டும். உடுத்தியிருந்த புடவை மடி இல்லை என்றாகிவிடும். கொடியில் உலர்ந்திருக்கிற வேறு புடவையைக் கோலால் இழுத்தெடுத்து, யார் மேலும் படாமல் கட்டிக்கொண்டு வர வேண்டும். உலர்ந்தது இல்லையென்றால் ஈரத்தையே பிழிந்து சுற்றிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் அடுப்பில் இருக்கிற குழம்பு காத்துக்கொண்டிருக்குமா? அடிப்பிடிக்கும். அதனால் நாங்கள் போகமாட்டோம். போகாமல் இருக்க வேண்டுமென்றால் குடிக்காமல் இருக்க வேண்டும். அதனால் குடிக்கவும் மாட்டோம்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து நாலு பேர் எதிரில் வாய் திறந்து பேசினவள் இல்லை நான். பள்ளிக்கூடமும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது. ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று இப்போது டிவியில் யார் யாரோ வந்து சொல்கிறார்கள். தண்ணீர் குடியுங்கள், நடங்கள், கவலைப்படாதீர்கள் என்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. தண்ணீர் நல்லது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன செய்ய?

என் வீட்டுக்காரர் திருத்தணி மலைமேல் மடப்பள்ளியில் சமைத்தவர். அவருடைய அப்பாவுக்கும் அதுதான் வேலை. வீடு அடிவாரத்தில். கிருத்திகை, சஷ்டி, செவ்வாய்க்கிழமை என்றால், வேண்டுதலுக்கு வருகிறவர்கள் மலையேறித் தரிசனம் முடித்து இறங்கி எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். அரக்கோணத்திலிருந்தும் சித்தூர், புத்தூரிலிருந்தும் தலைமுறையாக வருகிற குடும்பங்கள். மேலே சாமிக்கு ஆண்கள் சமைப்பார்கள். கீழே சாமியைப் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்கள் நாங்கள் சமைப்போம். விடியலில் குளித்து மடி உடுத்தினால், கடைசி இலை எடுக்கும்வரை தண்ணீரும் இல்லை, கொல்லையும் இல்லை. சாதாரண நாளில் அது மத்தியானத்தோடு முடியும். கிருத்திகை என்றால் சாயங்காலம் ஆகிவிடும்.

"தாகம் எடுத்தா வாயைக் கொப்பளிச்சுத் துப்பு, போறும். முழுங்காதே" என்பார் மாமியார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கடுமையே இருக்காது. கறிவேப்பிலையை எப்போது கிள்ளிப் போட வேண்டும் என்று சொல்கிற அதே குரல்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. பல் கிடுகிடுவென்று அடிக்கும், போர்வைக்கு மேல் போர்வை போட்டாலும் நடுக்கம் நிற்காது. விலாவுக்குக் கீழே முதுகில் யாரோ கட்டையால் குத்துகிற மாதிரி வலி. நீர் பிரியும்போது நெருப்பு. நாலு நாள் படுத்துக் கிடப்பேன், எழுந்துகொள்வேன், ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி வரும்.

கடைத்தெருவில் இருந்த டாக்டரிடம் வீட்டுக்காரர் அழைத்துப்போவார். அந்த அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைதான். திரைக்கு வெளியே பெஞ்சில் ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

"என்ன பண்ணுது?" என்று டாக்டர் அவரைத்தான் கேட்பார்.

"ஜுரம் சார். குளிர் ஜுரம்."

"எங்கயாவது எரிச்சல், வலி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்."

அவருக்கு எப்படித் தெரியும்? எரிந்தது அவருக்கா? நான் சுவரில் தொங்கிய மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரைக்கு வெளியே யாரோ இருமுவார்கள். அந்த இருமல் கேட்டதும் சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே இறங்கிவிடும். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவோம். வழியில் அவர், "பனியில தலைக்குக் குளிக்கறே, அதான்" என்பார். தலைக்குக் குளிக்காமல் சமைக்க விடுவாரா? விடமாட்டார்.

அதே சமயத்தில்தான் கொல்லையில் புதுசாகக் கக்கூஸ் கட்டினார். பழசு ஓலைத் தடுப்பும் தகரக் கதவும். புதுசுக்குச் சுவரெல்லாம் வெள்ளை ஓடு, உள்ளே குழாய், வாளி, கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள். சுவரில் ஒரு கண்ணாடி கூட மாட்டினார்.

"வர்றவாளுக்குச் சௌகரியமா இருக்கணும். பாவம், அவ்வளவு தூரத்திலேர்ந்து வர்றா" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். வந்தவர்கள் பாவம்தான். கிருத்திகை அன்று அந்தக் கதவுக்கு முன்னால் வரிசை நிற்கும். அடுப்பங்கரை ஜன்னல் கொல்லையைப் பார்த்து இருப்பதால், வரிசை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போவார்கள், முகம் தெளிந்து வெளியே வருவார்கள். நான் அடிவயிற்றைப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டு சாம்பாருக்குப் பெருங்காயம் கரைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த கக்கூஸ், சமைக்கிற நேரத்தில் எனக்கு மட்டும் இல்லை.

இதனால் உடம்பு கெட்டதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். மனசு கெட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் என் கண் தேடியது அதைத்தான். கல்யாணத்துக்குப் போனால் மேடையைப் பார்க்கமாட்டேன், மண்டபத்தின் பின்கதவு எங்கே என்று பார்ப்பேன். பஸ் ஏற வேண்டுமென்றால் முதல் நாளே காப்பியை நிறுத்திவிடுவேன். பிறகு போவதையே நிறுத்தினேன். என் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அக்கா பெண் வளைகாப்புக்குப் போகவில்லை. கேட்டவர்களுக்கு "உடம்பு சரியில்லை" என்று சொல்லி அனுப்பினேன். நாளாக ஆக எனக்கே வெளியில் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போனது. யார் பேசினாலும் எரிச்சலாக வரும். "அவளுக்குக் கர்வம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கர்வம்! நான் சிரித்தே பல வருஷம் ஆகியிருந்தது. நிறைந்த வயிற்றை அடக்கிக்கொண்டிருக்கிறவளால் சிரிக்க முடியாது. சிரித்தால் பிடி விட்டுப்போகும். இது ஆண்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை காய்ச்சல் பத்து நாளாகியும் இறங்கவில்லை. அப்போதுதான் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். காலையில் லோக்கல் ரயில் ஏறினோம். அந்த ரயிலில் கக்கூஸ் கிடையாது என்று தெரிந்து, வழக்கம்போல வறண்ட வாயோடு போனேன்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு நர்ஸ், ஒரு பெரிய ஜக்கில் தண்ணீர் கொடுத்து, "மொத்தத்தையும் குடிங்கம்மா. முட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் அடக்குங்க. முடியலன்னா சொல்லுங்க, உடனே கூப்பிடறோம்" என்றாள். கூட உட்கார்ந்திருந்த பெண்கள் நெளிந்தார்கள், எழுந்து நடந்தார்கள், ஒருத்தி அழுதே விட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு இன்னும் வரலையாம்மா?" என்றாள் நர்ஸ்.

"எப்பவோ வந்தாச்சு."

"ஐயோ, சொல்ல வேண்டாமா? எப்படி உக்காந்திருக்கீங்க!"

வாழ்க்கையில் நான் முதல் மார்க் வாங்கிய ஒரே பரீட்சை அதுதான்.

டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வலது பக்கக் கிட்னி சுருங்கிப் போயிருக்கு. அடிக்கடி இன்ஃபெக்ஷன் வந்து வந்து இப்படி ஆயிருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?" என்று கேட்டாள்.

"நன்னாக் குடிப்பா" என்றார் வீட்டுக்காரர்.

"அவங்க சொல்லட்டும் சார்."

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் அவரை வெளியே போகச் சொன்னாள். கதவை மூடினாள். அது நிஜக் கதவு, திரை இல்லை. அப்புறம்தான் சொன்னேன். மடி, அடுப்பு, புடவை, கொல்லை எல்லாம். கேட்டுவிட்டு அவள் என்னைத் திட்டினாள்.

"படிக்காதவங்க கூட இப்படிப் பண்ணமாட்டாங்கம்மா. உங்க உடம்பை நீங்களே பாத்துக்கலன்னா யாரு பாப்பாங்க? இன்னொரு கிட்னியும் போனா என்ன பண்ணுவீங்க?"

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பொங்குகிறது. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டல்லவா அதைச் சொல்லியிருக்க வேண்டும்? அவரிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்தாள், என்னிடம் ஏச்சைக் கொடுத்தாள்.

ரோஷத்தில், சென்ட்ரல் பக்கத்திலேயே ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கச் சொல்லி முழுவதையும் குடித்துவிட்டு ரயில் ஏறினேன். திருவள்ளூர் தாண்டியதும் ஆரம்பித்தது. வழக்கமாக வருகிற மாதிரி இல்லை, புண்ணான இடத்தில் உப்பைத் தேய்க்கிற மாதிரி.

"இன்னும் கொஞ்ச நேரம். அரக்கோணம் வந்துடும், அப்புறம் நம்ம ஊர்தான். இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இது முடியாதா?" என்றார் வீட்டுக்காரர்.

மணவூரில் ரயில் நின்றது. நான் எழுந்து இறங்கிவிட்டேன். அவர் "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு ரயில் கிளம்பும்போது குதித்தார்.

பிளாட்பாரத்தில் வேர்க்கடலை விற்கிற ஒருத்தி கூடையை இறக்கி வைத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாக்கா, இப்டி நெளியற? ஒண்ணுக்கா?"

நான் தலையாட்டினேன்.

"ஆங், அதான பார்த்தேன். வா, எங்க வூடு இதோ பக்கத்துலதான் கீது. மெட்ராஸ்லேர்ந்து அடக்கிக்கினேவா வந்த? இந்த ரயிலுக்குக் கக்கூஸ் வெக்காம வுட்டானே, அவன் வூட்டுல பொம்பளையே கெடையாதா?"

பின்னால் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "அய்யரு கோச்சுக்கினு வர்றாரு போல. கோச்சுக்கட்டும். அவருக்கா முட்டுது?" என்றாள்.

அவள் வீட்டுப் பின்பக்கம் நாலு பக்கமும் சாக்குப் படுதா. ஒரு குடத்தில் தண்ணீர். அங்கே உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெளியே அவள் யாரோடோ, "பேஜாரு பண்ணாத, உள்ள ஆள் கீது" என்று சத்தம் போட்டுக் காவல் நின்றாள். என் வீட்டில் எனக்காக ஒருவரும் அப்படி நின்றதில்லை.

அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்காரவில்லை. தள்ளி உட்கார்ந்துகொண்டு, "யார் என்னன்னு தெரியாத ஆத்துக்குள்ள நுழைஞ்சிருக்கே. போனதும் வாசல்லயே குளி" என்றார். சுருங்கிப்போன கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாசலிலேயே குளித்தேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

மாமியார் சில வருஷம் கழித்துப் படுக்கையில் விழுந்தார். வாழ்நாள் முழுக்க அடக்கினவருக்கு அடங்காமல் போயிற்று. படுக்கை நனைந்துகொண்டே இருக்கும். நான்தான் மாற்றுவேன். ஒருநாள் துணியை உருவும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாள் சொன்ன பேச்சைக் கேட்டதுடி இந்த உடம்பு. இப்ப என்னை மானம் வாங்கறது" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கு இடம் மாறி இந்த வழக்கத்தின்மேல் போய்விட்டது. பாதி இன்னும் அவர்மேல்தான் இருக்கிறது. இறந்துபோனதற்காக அதை விட்டுவிட முடியவில்லை.

அவர் போன பிறகு இந்த வழக்கம் தளரும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அம்மா கடைசி வரைக்கும் மடி விடலை. அவ பேரைக் கெடுக்காதீங்கோ" என்றார். அம்மா கடைசியில் எப்படிக் கிடந்தார் என்று அவர் அந்த அறைக்குள் வந்து பார்த்திருந்தால்தானே?

இரண்டாயிரம் பிறந்த பிறகு என் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மகனும் மடப்பள்ளியில் அப்பாவோடுதான். மருமகள் சித்தூர்ப் பெண். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள், அவள் அப்பாவை "நைனா" என்பாள். அவள் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வந்த புதிதில், கொல்லைக்குப் போகிற சட்டத்தை என் வீட்டுக்காரர் அவளுக்கு விளக்கினார். எல்லாவற்றையும் பவ்யமாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"மாமா, மேல முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டி இருக்காளே. அவா ரெண்டு பேரும் கொல்லைக்கே போகமாட்டாளா?"

மகன் சிரித்துவிட்டான். வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அடக்க முடியாமல் எனக்கும் வாய் கோணிற்று.

ஆனால் நாக்கு எவ்வளவு நீளமாக இருந்தாலும் வேலை ஒன்றுதானே. அடுப்பு எரிகிறது, ஐம்பது பேர் வாசலில் காத்திருக்கிறார்கள், நடுவில் போய்க் குளித்துவிட்டு வர நேரம் இல்லை. அவளும் குடிப்பதை நிறுத்தினாள். நான், "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்பேன். "பரவால்ல அத்தை, ஒரே தடவையா போயிக்கறேன்" என்பாள். ஒரு ஆவணியிலிருந்து அடுத்த ஆவணிக்குள் அந்தச் சிரிப்பு குறைந்தது. முதலில் தெருக்கோடிக்குக் கேட்கவில்லை, அப்புறம் கூடத்துக்குக் கேட்கவில்லை. சித்தூருக்குப் போகக் கூப்பிட்டபோது, "பஸ்ல போகணுமே, வேணாம்" என்றாள். அது என் வார்த்தை. நான் வருஷக்கணக்காக மனசுக்குள் சொன்ன வார்த்தை.

பிறகு அவள் உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் காய்ச்சல் வந்தது. பல் அடிக்கிற அதே குளிர். இந்தத் தடவை ஊரில் ஒரு லேடி டாக்டர் வந்திருந்தாள். நானே கூடப் போனேன்.

"யூரின்ல இன்ஃபெக்ஷன். இப்பக் கட்டுப்படுத்திட்டேன். இன்னொரு தடவை வந்தா வலி கண்டு கொறைப் பிரசவம் ஆயிடலாம்மா. தண்ணி நிறைய குடிக்கணும், வந்தா உடனே போகணும். அடக்கவே கூடாது" என்றாள் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். வீட்டுக்காரர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "ஆடிக் கிருத்திகை வர்றது. அது முடியட்டும். அப்புறம் படுத்து ரெஸ்ட் எடுத்துக்கட்டும், யார் வேண்டாம்னா?" என்றார். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றேன். மடியாகச் சமைக்க யார் கிடைப்பார்கள் என்றார். குழந்தையால் கிருத்திகை முடிகிறவரை காத்திருக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் ஊர் ஊராக இருக்காது. தெரு முழுக்கக் காவடி, மஞ்சள் துணி, மொட்டைத் தலை, மேளம். "அரோகரா" என்று கத்துகிற கத்தலில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. ஆண்கள் மலைமேல் இருந்தார்கள். அடுப்பங்கரையில் நானும் அவளும்தான். நான் சர்க்கரைப் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் வடை தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு காலை மற்றொரு காலோடு பின்னிக்கொண்டு, இடுப்பை அடுப்பு மேடையில் அழுத்திக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். நெற்றியில் வேர்வை. அது அடுப்புச் சூட்டு வேர்வை இல்லை. அந்த நிற்பு எனக்குத் தெரியும். நான் எப்படி நிற்பேன் என்று எனக்கு யாரும் கண்ணாடி காட்டியதில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே, கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு புத்தூர் அம்மாள் ஒருத்தி வந்தாள். வருஷா வருஷம் வருகிறவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் குனிந்து, "சால பாகுந்தம்மா! ரொம்ப நல்லாருக்கு! எத்தனி கோயிலுக்குப் போறோம், இந்த மாதிரி சுத்தமா எங்கயும் பாக்கல. நீங்க கொடுத்து வெச்சவங்க" என்றாள்.

கொடுத்து வைத்தவர்கள்.

நான் கரண்டியைப் போட்டேன். குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டேன். அடுப்பங்கரைக்குள் நின்றபடியே கடகடவென்று குடித்தேன். மறுபடி மொண்டு மருமகளிடம் நீட்டினேன்.

"அத்தை, வடை கருகிடும்."

"கருகட்டும். குடி."

அவள் குடித்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். வரிசையில் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். நாலு பேர் எதிரில் பேசாதவள் நான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"கொஞ்சம் வழி விடுங்கோ. பிள்ளைத்தாச்சி."

உடனே விட்டார்கள். அவ்வளவு சுலபமாக விட்டார்கள். முதலில் அவள் போனாள், பிறகு நான். பித்தளைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, மடிப் புடவையோடு, பட்டப்பகலில். வெளியே வந்து தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு முழங்கால் வரைக்கும் அலம்பிக்கொண்டோம். வாயைக் கொப்பளித்தோம். நேரே அடுப்பங்கரைக்குள் போனோம். கருகின வடைகளை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு அவள் புதுசாகத் தட்ட ஆரம்பித்தாள். நான் கரண்டியை எடுத்துப் பொங்கலைக் கிளறினேன்.

நாங்கள் கால் அலம்பினதைக் கொல்லை வாசல் வழியாகப் பிரசாதத் தூக்கோடு நுழைந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அடுப்பங்கரை நிலைப்படியில் வந்து நின்றார்.

"குளிச்சாச்சா?"

"இல்லை. கால் அலம்பிண்டோம்."

"அடுப்பைத் தொடாதே."

"நீங்க கால் அலம்பிண்டுதானே தொடறேள்?"

"நானும் நீயும் ஒண்ணா?"

"இல்லை. எனக்கு ஒரு கிட்னி கம்மி."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகம் கறுத்துச் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இதை அவாளுக்குப் போடமாட்டேன். விரதம் இருந்து வந்திருக்கா. வாசல்ல போய் இன்னிக்குச் சாப்பாடு இல்லைன்னு சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்கோ. ஏன் இல்லைன்னும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அவர் வாசல் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். ஏன் இல்லை என்று எப்படிச் சொல்வார்? என் பொண்டாட்டி ஒண்ணுக்குப் போனாள் என்று கூடத்தில் உட்கார்ந்திருக்கிற ஐம்பது பேர் எதிரில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு நான் சாகக் கிடந்தேன். இப்போது அந்த வெட்கம் எழுந்து போய் அவர் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

கூடத்திலிருந்து புத்தூர் அம்மாள் குரல் கொடுத்தாள்: "ஏமி சாமி, இன்னும் நேரமாகுமா? புள்ளைங்க பசியில கீதுங்க."

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதோ ஆயிடுத்தும்மா. இலை போடச் சொல்லுங்கோ" என்றார்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். பொங்கலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாமிக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. தீபாவளி வரைக்கும் மலைமேல் பிரசாதத்தையே சாப்பிட்டுக்கொண்டு, என்னோடு பேசாமல் இருந்தார். மகன் மூலமாக, "அவளைக் குளிச்சுட்டு அடுப்பைத் தொடச் சொல்லு" என்று சொல்லி அனுப்புவார். நான், "கேட்டுண்டேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சொம்பை எடுத்துக் குடிப்பேன். அந்தச் சொம்பு அன்றிலிருந்து அடுப்பு மேடையிலேயே இருந்தது. அவர் ஒருநாள் அதை எடுத்துப் பரணில் வைத்தார். நான் இறக்கி வைத்தேன். மறுபடி வைத்தார். மறுபடி இறக்கினேன். அப்புறம் வைக்கவில்லை.

குழந்தை மாதம் நிறைந்து பிறந்தது. பெண். இப்போது அது கல்லூரிக்குப் போகிறது, பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே இறங்காது. மருமகளின் சிரிப்பு திரும்பி வர ரொம்ப நாள் ஆயிற்று, முன்பு இருந்த அளவுக்கு வரவும் இல்லை. என் கிட்னி திரும்பி வரவே இல்லை. காலையும் மாலையும் மாத்திரை விழுங்குகிறேன், உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறேன். என் தம்பி வீட்டுக்குப் போக இப்போது எனக்குப் பயமில்லை, ஆனால் தம்பி இல்லை.

எனக்குத் தாங்காதது இன்னொன்று. நாலைந்து வருஷம் போனதும், வீட்டுக்காரர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிட வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்: "மத்தவா ஆத்துல எல்லாம் பொம்மனாட்டிகளை மடி மடின்னு படுத்துவா. எங்காத்துல நான் அதெல்லாம் பாக்கறதில்லை. உடம்புதான் முக்கியம்னு சொல்லிட்டேன்." வந்தவர்கள், "உங்க மாதிரி யாரு சாமி" என்பார்கள். அவர் இருந்தவரைக்கும் இதைச் சொன்னார். இப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க அப்பா அந்தக் காலத்துலயே" என்று மகன் சொல்கிறான்.

அடுப்பங்கரையிலிருந்து எனக்கு எல்லாம் கேட்கிறது. அத்தனை பேர் எதிரில் வந்து பேச இன்றைக்கும் எனக்கு வாய் வராது. அதனால் எழுதி வைக்கிறேன். அவர் சொன்னது பொய்.